கேள்வி நாற்பத்தொன்று

கொருக்குப்பேட்டை கேட் இன்றைக்கும் விழுந்திருந்தது.
சரக்கு ரயில் தன் பெட்டிகளைத் தானே எண்ணிக்கொண்டு
மெதுவாகப் போனது.
ஆட்டோவில் என் பக்கத்தில் தணிக்கையாளர் ஹெக்டே,
மடியில் லேப்டாப்,
மணலிக் காற்றுக்கு மூக்கில் கைக்குட்டை.
எனக்கு நாளுக்கு ஆயிரத்து எண்ணூறு,
சாப்பாடு கம்பெனியில்.
அவர் கேட்பதைத் தமிழாக்க வேண்டும்,
அவர்கள் சொல்வதை இங்கிலீஷாக்க வேண்டும்,
நடுவில் நான் எதுவும் ஆகக் கூடாது.

அவசர வழிக்குப் புதுப் பச்சை பெயிண்ட்.
தள்ளிப் பார்த்தார். திறந்தது.
என் ஆள்காட்டி விரலில் ஒட்டிக்கொண்டது பச்சை.
முதலுதவிப் பெட்டியில் பிரிக்காத பஞ்சு.
அதற்கு நேர் கீழே
கட்பீஸ் சுற்றிய ஒரு கட்டைவிரல்
காலர் தைத்துக்கொண்டிருந்தது.

மேனேஜர் எத்திராஜ் கோப்புகளை அடுக்கினார்.
பருத்தி எந்தக் காட்டில் வெடித்தது, ஒரு தாள்.
எந்த மில்லில் நூலானது, ஒரு தாள்.
சாயத் தண்ணீர் தெளிந்துதான் வெளியே போனது என்று
முத்திரையோடு இன்னொன்று.
ஒரு குழந்தைச் சட்டைக்கு இத்தனை பிறப்புச் சான்றிதழ்!
என் தம்பிக்கு ஒன்றே ஒன்று வாங்க
மண்டல ஆபீசுக்கு அப்பா பதினோரு தடவை நடந்தார்.

பிறகு தனி அறை. ஃபேன். கதவைச் சாத்தியாகிவிட்டது.
சகாயமேரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.
ஓவர்டைம் உண்டா?
"இஷ்டப்பட்டா செய்வோம்." மனப்பாடம், மூச்சு விடாமல்.
பாத்ரூம் போகத் தடை?
"இல்லீங்க."
வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?
ஃபேனைப் பார்த்தாள்.
என் செருப்பைப் பார்த்தாள்,
எம்.சி. ரோட்டில் நூற்றைம்பதுக்கு வாங்கியது,
அவள் காலிலும் அதுவே.
"என்னத்த சொல்ல" என்றாள்.

ஹெக்டேயின் விரல்கள் காத்திருந்தன.
ஆங்கில இலக்கியம் மூன்று வருஷம் படித்தவள் நான்.
என்னத்த சொல்ல.
"நோ கம்ப்ளெயிண்ட்ஸ்" என்றேன்.
தட்டினார்.
அந்த இரண்டு வார்த்தை சகாயமேரிக்கும் தெரியும் போல.
எழுந்தபோது
நாற்காலியைச் சத்தம் வராமல் தூக்கி வைத்தாள்.

நாற்பத்தொன்று மேனேஜருக்கு:
இந்த வளாகத்துக்கு வெளியே வேலை ஏதும் தரப்படுகிறதா?
"சேச்சே" என்றார் எத்திராஜ்.
அதற்கு நான் தேவைப்படவில்லை.

ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் தெருவில் கரண்ட் இல்லை.
பக்கத்து வீட்டு தேசம்மா வாசலில் மூட்டை பிரித்திருந்தாள்.
பிசிறு வெட்ட பீஸுக்கு நாற்பது பைசா.
டார்ச் அடிக்கக் கூப்பிட்டாள்.
வெளிச்சம் விழுந்த இடத்தில் ஒட்டகச்சிவிங்கி,
காலையில் எத்திராஜ் மேஜையில் பார்த்த
அதே ஒட்டகச்சிவிங்கி,
கழுத்துக்குள் அதே இலை முத்திரை.
"ஸ்கேன் பண்ணா படம் வருமாங்க்கா?"
தேசம்மா மகள் மோனிஷா, ஆறாவது.
பண்ணினேன். வந்தது.
விதர்பாவில் ஒரு புள்ளி, பல்லடம் பக்கம் ஒன்று,
கொருக்குப்பேட்டையில் பச்சையாக ஒன்று.
அங்கிருந்து துறைமுகத்துக்கு நேர்க்கோடு.
"நம்ம வூடு எங்க?"
விரலால் விரித்தேன், விரித்தேன்,
கோடு எங்கள் கூரை மேலேயே போனது,
எங்கும் நிற்காமல்.

போன் அதிர்ந்தது. ஹெக்டே.
அறிக்கை இணைப்பில்,
மொழிபெயர்ப்பாளர் கையொப்பம் பக்கம் பதினாலு,
இன்றிரவே அனுப்பவும்.
ஒன்பதாம் பக்கத்தில் நாற்பத்தொன்று.
நோ.
இதைத் திருத்தினால் நாளைக்கு இந்த மூட்டை வராது.
பால்காரருக்கு நாளைக்குத்தான் தருவதாக
தேசம்மா சொல்லியிருக்கிறாள்.
அவளிடம் கேட்கலாமா என்று பார்த்தேன்.
கத்தரி வாயில் ஒரு நூல் நின்றிருந்தது,
பச்சையா கறுப்பா தெரியாமல்.

"இன்னாத்துக்கு கை இப்படி ஆடுது உனுக்கு?" என்றாள்.
"துணி வெட்டிக்கும்.
நேரா புடி."